பிராய்டின் பேரனும் ஒரு நூல்கட்டையும்

உளப்பகுப்பாய்வு எண்டால் எங்களில கனபேருக்கு உடனே நினைவுக்கு வாறது ரெண்டு விசயம். ஒன்று கனவு, மற்றது பாலியல். சிக்மண்ட் பிராய்டின் பெயரைச் சொன்னாலே ஒரு நமட்டுச் சிரிப்பு. ஆனால் அவருடைய புத்தகங்களைத் திறந்து பார்த்தால் அங்கே கோட்பாட்டைவிடக் கதைகள்தான் முதலில் கண்ணில் படும். தெரிந்த பெயர் நாக்கில் வராமல் நின்ற கதை, வாய் தவறி வேறு சொல்லைச் சொன்ன கதை, நோயாளி வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன் வீட்டுத் திறப்பை எடுத்த கதை. 1901இல் வெளிவந்த 'அன்றாட வாழ்வின் உளநோயியல்' முழுக்க இப்படியானவைதான். பல அவருக்கே நடந்தவை.

இந்தச் சின்னக் கதைகளில் எனக்குப் பெரிதாகப்படுவது ஒரு குழந்தையின் விளையாட்டு. 1920இல் வந்த 'இன்ப விதிக்கு அப்பால்' என்ற புத்தகத்தில் இரண்டு மூன்று பக்கம்தான் அது வருகிறது. அதைப் பற்றிப் பிறகு ஆட்கள் எழுதிக் குவித்ததோ கணக்கில்லை.

கதை இதுதான். ஒன்றரை வயதுப் பெடியன். பெரிய கெட்டிக்காரன் இல்லை, ஒருசில சொற்கள்தான் கதைப்பான். நல்ல பிள்ளை, இரவில் தொல்லை தரமாட்டான், தாய் சில மணித்தியாலம் வெளியே போனாலும் அழமாட்டான். இவ்வளவுக்கும் தாயோடு ஒட்டின பிள்ளை. வேறு ஆளின் உதவி இல்லாமல் தாயே பாலூட்டி வளர்த்தவர். அவனிடம் ஒரேயொரு கரைச்சலான பழக்கம் இருந்தது. கையில் அகப்படுகிற சாமான்களை எல்லாம் மூலைக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் எறிவான். எறியும்போது 'ஓ...ஓ...ஓ' என்று இழுத்து ஒரு சத்தம். அது ஜெர்மன் மொழியில் 'ஃபோர்ட்', அதாவது 'போயிட்டுது' என்ற சொல்தான் என்று தாய்க்கும் பட்டது, பார்த்துக்கொண்டிருந்த பிராய்டுக்கும் பட்டது.

ஒருநாள் அவனுக்கு நூல் கட்டிய ஒரு மரக் கட்டை கிடைத்தது. வேறு பிள்ளை என்றால் அதை நிலத்தில் இழுத்து வண்டில் ஓட்டியிருக்கும். இவன் அப்படிச் செய்யவில்லை. நூலைப் பிடித்தபடி கட்டையைத் தன் தொட்டிலின் திரைக்கு அங்கால எறிந்தான். 'ஓ...ஓ...ஓ.' பிறகு நூலை இழுத்தான். கட்டை வந்தது. 'டா!' என்றான் சந்தோசமாக. 'இந்தா!'

தாய் போகிறார், வருகிறார். அதில் அவனுக்கு ஒரு அதிகாரமும் இல்லை. விளையாட்டில் அனுப்புகிறவனும் அவன், கூப்பிடுகிறவனும் அவன். தனக்கு நடந்த ஒன்றைத் தானே நடத்துகிற ஒன்றாக மாற்றிக்கொள்கிறான் என்று பிராய்ட் விளங்கப்படுத்தினார். இன்னொரு விளக்கமும் வைத்தார்: பழிவாங்கல். 'சரி போ, நீ எனக்குத் தேவையில்லை, நானே உன்னை அனுப்புறன்.'

என்ர அக்காவின் மகளுக்கு ரெண்டு வயசு. தகப்பன் கட்டாரில. வீடியோ கோல் முடியிறதுக்கு முதலே அவள் போனைப் பறித்துக் கவிழ்த்து வைப்பாள். 'அப்பா இல்ல.' திருப்புவாள். 'அப்பா!' அந்தப் பக்கம் மனிசன் சிரிச்சுக்கொண்டே இருப்பார். கோல் முடிந்த பிறகும், கறுத்துக் கிடக்கிற போனை வைத்துக்கொண்டு அதையே செய்வாள். இதை நாங்கள் செல்லமாகத்தான் பார்த்தோம். பிராய்டின் அந்தப் பக்கங்களை வாசித்த பிறகுதான், கவிழ்க்கிற வேலையில் அவளுக்கு இருக்கிற அவசரம் என் கண்ணில் பட்டது.

பிராய்டை உறுத்தியதும் இதுதான். கட்டை திரும்பி வரும்போதுதான் சந்தோசம் அதிகம். அப்படியென்றால் முழு விளையாட்டைத்தானே பிள்ளை அதிகம் விளையாட வேண்டும்? ஆனால் அவன் பெரும்பாலும் எறிகிற பாதியை மட்டும்தான் திரும்பத் திரும்ப விளையாடினான். மனிதர் இன்பத்தைத் தேடித்தான் ஓடுவார்கள் என்று அதுவரை சொல்லி வந்தவருக்கு இது இடித்தது. இன்னொன்றும் அவரை யோசிக்க வைத்தது. முதலாம் உலக யுத்தத்தில் அதிர்ச்சியடைந்து திரும்பிய சிப்பாய்கள், தாங்கள் மறக்க விரும்புகிற அதே கணத்துக்கே கனவில் திரும்பத் திரும்பப் போனார்கள். நோவைத் தேடிப்போய் மீண்டும் நிகழ்த்துகிற ஒரு உந்துதல் மனதுக்குள் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அதிலிருந்துதான் 'சாவு உந்தல்' என்ற, இன்றைக்கும் சண்டை ஓயாத கருத்துக்குப் போனார். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைச் சில கிழமைகள் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். சாவு உந்தலை நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் மீண்டும் நிகழ்த்துவது பற்றி அவர் கண்டது பொய் இல்லை. யுத்த காலத்தில் வளர்ந்த அண்ணாமார் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கோ. என்ன விளையாடினீர்கள் என்றால், மணலில் பங்கர் வெட்டி, 'ஹெலி வருது' என்று ஒருவர் கத்த மற்றவர்கள் விழுந்து படுக்கிற விளையாட்டைச் சொல்லுவினம்.

இனித்தான் கதையின் மற்றப் பக்கம். புத்தகத்தில் பிராய்ட் அந்தப் பெடியன் யார் என்று சொல்லவில்லை. தான் சில கிழமைகள் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளை என்பதோடு நிறுத்திவிட்டார். உண்மையில் அது அவருடைய மூத்த பேரன் ஏர்ன்ஸ்ட். வீடு ஹம்பேர்க்கில், ஆண்டு 1915. தாய் பிராய்டின் மகள் சோஃபி. தகப்பன் மக்ஸ் ஹல்பர்ஸ்டட் ஒரு படப்பிடிப்பாளர். சுருட்டோடு எங்களை முறைத்துப் பார்க்கிற, எல்லோருக்கும் தெரிந்த பிராய்டின் படம் இந்த மருமகன் எடுத்ததுதான். அப்போது அவர் யுத்தத்துக்குப் போயிருந்தார். ஒரு வருடம் கழித்து, பொம்மையோடு கோபம் வந்தால் ஏர்ன்ஸ்ட் அதைத் தூக்கி எறிந்து 'போர்முனைக்குப் போ!' என்பானாம். அப்பா எங்கே என்று கேட்டபோது பெரியவர்கள் சொன்ன பதில் அது.

1920 ஜனவரி 25இல் சோஃபி இறந்தார். யுத்தத்தில் செத்தவர்கள் போதாதென்று உலகம் முழுக்கப் பரவிய அந்த இன்ஃபுளுவென்சாதான் காரணம். 26 வயது. இரண்டு ஆண்பிள்ளைகள், வயிற்றில் மூன்றாவது. ரயில்கள் ஓடாததால் பிராய்டும் மனைவியும் வியன்னாவிலிருந்து செத்த வீட்டுக்குப் போகமுடியவில்லை. ஊர் பாதை பூட்டிக்கிடந்த காலத்தில் இப்படித் தந்தியோடும் கடிதத்தோடும் அழுத குடும்பங்கள் எங்களிலும் எத்தனையோ.

புத்தகம் அந்த வருடமே வெளிவந்தது. அதில் சோஃபியின் சாவு ஒரு அடிக்குறிப்பு மட்டும். பிள்ளைக்கு ஐந்தே முக்கால் வயதானபோது தாய் இறந்தார், இப்போது அவர் உண்மையாகவே 'ஓ...ஓ...ஓ' ஆகிவிட்டார், பிள்ளை துயரம் எதையும் காட்டவில்லை என்கிற மாதிரி. எழுதுகிறவர் தகப்பன் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. மகள் செத்த துக்கத்தில்தான் சாவு உந்தலைக் கண்டுபிடித்தார் என்று ஆட்கள் கதைப்பார்கள் என்பது பிராய்டுக்குத் தெரிந்திருந்தது. அதனால், சோஃபி சுகமாக இருந்த காலத்திலேயே புத்தகம் பாதி முடிந்துவிட்டது என்பதற்கு நீர் சாட்சி என்று நண்பர் ஐற்றிங்கோனுக்கு எழுதினார். அது உண்மைதான். இருந்தாலும் ஒரு மனிதன் தன் நூலுக்குச் சாட்சி தேடி வைக்கிற அளவுக்குப் பதறினால், அந்தப் பதற்றத்தை எப்படி வாசிக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்தானே.

1923இல் சோஃபியின் இளைய மகன் ஹைனெலேயும் காசநோயில் போனான். நாலரை வயது. பிராய்ட் அழுததை மற்றவர்கள் கண்டது அந்த ஒருமுறைதான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஏர்னெஸ்ட் ஜோன்ஸ் சொல்கிறார்.

1917இல் வந்த துயரம் பற்றிய கட்டுரையில் பிராய்ட் ஒரு ஒழுங்கைச் சொல்லியிருந்தார்: இழந்த ஆளிடமிருந்து மனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும், அந்த வேலை முடிந்ததும் மனிதன் விடுபடுவான், வேறொன்றில் பற்று வைப்பான். பன்னிரண்டு வருடம் கழித்து, 1929 ஏப்ரலில், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அன்று சோஃபி இருந்திருந்தால் 36 வயது. அந்தக் கடிதத்தில் ஒழுங்கு எதுவும் இல்லை. கூர்மையான துக்கம் தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதும் சரிதான் என்கிறார். கட்டுரையை எழுதியவரும் கடிதத்தை எழுதியவரும் ஒரே ஆள். எனக்குக் கேட்டால் கடிதத்தைத்தான் நம்புவன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் ரோட்டுக்கரையில் வந்து இருந்த அம்மாமாரைப் பார்த்து 'எல்லாத்தையும் மறந்துபோட்டு இனி வாழ்க்கையைப் பாருங்கோ' என்று சொன்ன ஆக்கள் அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிக்க வேணும்.

ஏர்ன்ஸ்டுக்கு என்ன நடந்தது? நாசிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்தார். தாயின் குடும்பப் பெயரை எடுத்து டபிள்யூ. ஏர்னெஸ்ட் பிராய்ட் ஆனார். பிராய்டின் பேரன்மாரில் உளப்பகுப்பாய்வாளரானவர் அவர் ஒருவர்தான். 2008இல் இறக்கும் மட்டும் நூல்கட்டைப் பெடியன் என்ற பெயர் அவரை விடவில்லை. பிற்காலத்தில் அவர் கவனம் செலுத்தியது குறைமாதக் குழந்தைகளில். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே கிடக்கிற அந்தச் சின்ன உயிர்களிடமிருந்து தாயைத் தள்ளி வைக்கக்கூடாது, அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தொட வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.