எல்லைப்புறத் தமிழகமும் ரெசிடென்ட் மன்றோவும்

ஆங்கிலேய ஆட்சிக்கால அலுவலர்களுள் ‘மன்றோ’ என்றவுடன் தமிழ் வாசகர் நினைவில் எழுபவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவே. திருவிதாங்கூரின் தென்பகுதி மக்களுக்கோ நெருக்கமானவர் மற்றொரு மன்றோ. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை தொடங்கித் தெற்கே தோவாளை வரை பரவியிருந்த தமிழ் வழங்கும் ஊர்களின் சமூக வரலாற்றில் ஆழ்ந்த தடம் பதித்தவர் கர்னல் ஜான் மன்றோ (1778 - 1858). அத்தடத்தின் தன்மையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் 1791இல் சென்னைப் படையில் சேர்ந்தார். 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றார். படைத்துறை நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தபோது கூடாரச் செலவு குறித்து இவர் அளித்த அறிக்கை படை அலுவலர்களின் கடுஞ்சினத்திற்கு இலக்காயிற்று. 1809இல் சென்னைப் படையில் மூண்ட வெள்ளை அலுவலர் கலகத்திற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணம். அதே ஆண்டில்தான் இரணியலை அடுத்த தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பித் தளவாய், ரெசிடென்ட் மக்காலேயை எதிர்த்துக் குண்டறை விளம்பரத்தை வெளியிட்டு, இறுதியில் மண்ணடியில் உயிர்துறந்தார். 1805ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கப்பம் செலுத்த வேண்டியிருந்த நாடு, போருக்குப் பின் கடனில் மூழ்கிக் கிடந்தது. இந்நிலையில் 1810இல் மன்றோ ரெசிடென்டாக வந்தார். அரசி கௌரி லட்சுமிபாய் உம்மிணித்தம்பியை நீக்கிவிட்டு 1811இல் திவான் பொறுப்பையும் இவரிடமே ஒப்படைத்தார்.

ரெசிடென்ட் என்னும் நிலையில் திவானைக் கண்காணிக்க வேண்டியவரும் இவரே, கண்காணிக்கப்பட வேண்டிய திவானும் இவரே என்னும் விந்தை மூன்றாண்டுகள் நீடித்தது. உலக வரலாற்றில் இதற்கு நெருங்கிய ஒப்புமை அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயின் நாட்டு அரசப் பிரதிநிதிகள் நடத்திய ஆட்சியாகும். பெருவில் 1569 முதல் 1581 வரை ஆண்ட பிரான்சிஸ்கோ டி டொலிடோ நாடு முழுவதும் சுற்றிப் பார்வையிட்டு, சிதறிக் கிடந்த தொல்குடிகளைப் புதிய ஊர்களில் குடியேற்றி, வரியையும் சுரங்க வேலைக்கான கட்டாய ஆள்முறையையும் ஒழுங்குபடுத்தினார். கடல் கடந்து வாழ்ந்த மன்னன் பெயரால் அவர் ஆண்டார். மன்றோவோ திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்த அரசியின் பெயரால் ஆண்டார். மற்றொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. பதவி முடிந்த ஸ்பானிய அரசப் பிரதிநிதி முறைப்படியான விசாரணைக்கு உட்பட வேண்டும் என்பது அந்நாட்டு மரபு. தாம் ஆண்ட மக்களின் முன் கணக்குச் சொல்லும் அத்தகைய கடப்பாடு மன்றோவுக்கு இருக்கவில்லை.

இவர்தம் நிர்வாகச் சீர்திருத்தங்கள் பலரும் அறிந்தவை. ‘சட்டவரியோலைகள்’ வழி விதிகள் தொகுக்கப்பட்டன. ஊர்களில் வரி, காவல், நீதி ஆகிய மூன்றையும் ஒருங்கே கையில் வைத்திருந்த காரியக்காரர்கள் தாசில்தார்களாக மாற்றப்பட்டு, வரித்துறையோடு நிறுத்தப்பட்டனர். பத்மநாபபுரம், திருவனந்தபுரம் முதலிய ஐந்து இடங்களில் ஜில்லா நீதிமன்றங்கள் அமைந்தன. 348 பெருங்கோயில்களும் ஏராளமான சிறு கோயில்களும் அவற்றின் நிலங்களோடு அரசின் பொறுப்பில் வந்தன. கோயிலைக் காக்கும் ஏற்பாடு என்று சொல்லப்பட்டாலும், கருவூலத்தை நிரப்பிய ஏற்பாடு என்பதே பொருத்தமாகும்.

எல்லைப்புற ஊர்களைப் பொறுத்தவரை மன்றோவை மதிப்பிட உதவுவன இவையல்ல. வேறு இரண்டு ஆணைகள். அவ்விரண்டிலும் உரிமை எவ்வளவு உண்டோ அவ்வளவு விலக்கும் உண்டு.

முதலாவது, 1812 டிசம்பரில் வெளியான அடிமை விற்பனைத் தடை. மனிதரை வாங்குதலும் விற்றலும் குற்றமாயின. ஆயினும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவடிமைகளுக்கு அத்தடை பொருந்தாது என்று விலக்களிக்கப்பட்டது. வயல்களில் உழைத்த பறையர், புலையர், குறவர் ஆகியோரின் நிலை அதனால் மாறவில்லை. அவர்கள் 1855 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது, மேலாடை பற்றியது. கிறித்தவம் தழுவிய பெண்கள் பிற நாட்டுக் கிறித்தவப் பெண்களைப் போல் உடலை மறைத்துக்கொள்ளலாம் என 1812இல் மன்றோ ஆணையிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1814இல், அவ்வுரிமை சுருக்கப்பட்டது. சிரியக் கிறித்தவப் பெண்கள் அணியும் குப்பாயத்தை நாடார் கிறித்தவப் பெண்கள் அணியலாம். உயர்சாதிப் பெண்களின் தோள்சீலையை அணிதல் கூடாது. உடல் மறைத்தல் என்னும் வினா, எவ்வகைத் துணியால் மறைப்பது என்னும் வினாவாக உருமாறியது இங்கேதான். மதம் மாறாத நாடார் பெண்களைப் பற்றி அவ்வாணை வாய்திறக்கவில்லை. 1829 பிப்ரவரியில் அரசி பார்வதிபாய் வெளியிட்ட விளம்பரம் குப்பாயத்தை மட்டும் ஏற்றுத் தோள்சீலையை மறுத்தபோது, மன்றோ வகுத்த கோட்டின்மீதே நின்றது. 1858 - 59 கலவரங்களுக்குப் பின் 1859 ஜூலை 26இல் வெளிவந்த ஆணைகூட எல்லா நாடார் பெண்களுக்கும் உரிமையளித்துவிட்டு, உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று இறுதியில் ஒரு வரியைச் சேர்க்கத் தவறவில்லை.

இவ்வாறு கூறுவதால் மன்றோவின் பங்கு குறைந்துவிடாது. இலண்டன் மிஷனுக்கு அவர் அளித்த ஆதரவு இன்றி 1818இல் நாகர்கோவிலில் மீட் ஐயரின் பணி வேரூன்றியிருப்பது அரிது. மிஷனரியான மீட் அங்கே நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். அரசதிகாரமும் சமயப் பணியும் ஒரே நாற்காலியில் அமர்ந்தமை பின்னாளைய பகைமைக்கு எரிபொருளாயிற்று என்பதையும் மறத்தல் இயலாது. மன்றோ 1819இல் நாடு நீங்கினார். ஆணைகளின் விளைவுகளை ஏற்றவர்கள் சந்தையிலும் வழியிலும் துணி கிழிக்கப்பட்ட பெண்களே.

தமிழில் எழுதப்பெற்ற திருச்சபை வரலாறுகள் மன்றோவை மீட்பராகவும், மலையாளத்தில் எழுதப்பெற்ற நாட்டு வரலாறுகள் நிர்வாகியாகவும் காண்கின்றன. இப்பிளவுக்குப் பிற்கால எல்லையும் ஒரு காரணமாகும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1959இல் திருச்சபையும் தென்கேரளப் பேராயம், கன்னியாகுமரிப் பேராயம் எனப் பிரிந்தது. பாறசாலை ஒன்றிலும் நெய்யூர் மற்றொன்றிலும் அடங்கின. ஒரே ஆணைக்குக் கீழ்ப்பட்டு, ஒரே கலவரத்தின் நிழலில் வாழ்ந்த ஊர்களின் கதை இன்று இரு மாநிலங்களில், இரு மொழிகளில், தனித்தனியே படிக்கப்படுகிறது.