தாயே "அழைக்காதே" என்று சொன்னால்...



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், நம் பிள்ளை ஒருவர் என்னிடம் வந்தார். எந்த நகரத்துப் பிள்ளை என்று எழுதவில்லை. காரணம் இறுதியில் விளங்கும். அவரோடு பல்கலைக்கழகத்தில் பயிலும் உய்குர் மாணவி ஒருவர், குழுவாக நிழற்படம் எடுக்கும்போதெல்லாம் விலகிப் போய்விடுகிறாராம். கேட்டதற்கு, "என் முகம் வெளியே தெரிந்தால் ஊரில் என் அம்மாவுக்கு ஆபத்து" என்றாராம். "ஜேர்மனியில் இருப்பவருக்கு இந்தப் பயம் ஏன், பாதர்?" என்று நம் பிள்ளை கேட்டார். கோயில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று அது. ஆகவே இதனை எழுதுகிறேன்.

உய்குர் மக்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசுபவர்கள், பெரும்பாலோர் இஸ்லாமியர். தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரங்களில், காஷ்கர், கோத்தான் போன்ற பழைய பட்டுப்பாதை நகரங்களில் வாழ்ந்து வந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனாவின் சிங் பேரரசு அந்நிலத்தைக் கைப்பற்றியது. 1884இல் அதனைத் தன் மாகாணமாக்கியது. 'ஷின்ஜியாங்' என்ற பெயருக்குப் 'புதிய எல்லைப்புறம்' என்பது பொருள். அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு அந்நிலம் புதியதும் அன்று, எல்லைப்புறமும் அன்று. 1933இலும் 1944இலும் தோன்றிய இரு குடியரசுகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1955இல் 'தன்னாட்சிப் பகுதி' என்ற பெயர் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கு நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருந்த ஹான் சீனர், இன்று நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்.

மனக்கசப்பு வளர்ந்தது, வன்முறையும் நிகழ்ந்தது. 2009 ஜூலையில் உரும்சி நகரில் வெடித்த கலவரத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் பயணிகள் 31 பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் சிலர் செய்த குற்றத்திற்கு அரசு ஓர் இனத்தையே பொறுப்பாக்கியது. 2016 ஆகஸ்டில், அதுவரை திபெத்தில் கட்சிச் செயலாளராக இருந்த சென் குவாங்குவோ ஷின்ஜியாங்கின் பொறுப்பேற்றார். 2017இல் முகாம்கள் பெருகின. அவற்றில் பத்து லட்சம் பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். அவை தொழிற்பயிற்சி நிலையங்களே என்றது அரசு. 2019இன் இறுதியில், பயின்றோர் அனைவரும் பயிற்சி முடித்துவிட்டனர் என்று அறிவித்தது. ஆயினும் 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கு நிகழ்ந்தவை மானுடத்திற்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று கூறியது.

இனி அந்த மாணவியின் அச்சத்திற்கு வருவோம். 2016இன் இறுதியில் ஷின்ஜியாங் மக்களின் கடவுச்சீட்டுகளைக் காவல்துறை வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு முதல், வெளிநாட்டில் உறவினர் இருப்பதே சந்தேகத்திற்குக் காரணமாயிற்று. 2020இல் வெளியே கசிந்த 'கரகாஷ் பட்டியல்' என்ற ஆவணத்தில், தடுத்து வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோரின் விவரங்கள் உள்ளன. தாடி வளர்த்தது, முக்காடிட்டது, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தது என்பவையும் தடுத்து வைத்ததற்கான காரணங்களாக அதில் எழுதப்பட்டுள்ளன. ஆகவே தாய்மாரே தம் பிள்ளைகளிடம் "இனி அழைக்காதே" என்றனர். வீசாட் செயலியிலிருந்து பிள்ளைகளின் பெயரை நீக்கினர். அன்பில்லாமல் செய்யவில்லை, இரு பக்கத்தையும் காப்பாற்றவே செய்தார்கள்.

2019 பெப்ரவரியில் ஒன்று நடந்தது. அப்துரஹீம் ஹெயித் என்ற புகழ்பெற்ற உய்குர் இசைக் கலைஞர் சிறையில் இறந்துவிட்டார் என்று துருக்கி அரசு அறிவித்தது. மறுநாளே அவர் உயிரோடு பேசும் காணொளியைச் சீன அரசு ஊடகம் வெளியிட்டது. உடனே உலகெங்கும் சிதறிக் கிடந்த உய்குர் மக்கள் தம் தாய் தந்தையரின் படங்களைக் கையிலேந்தி, "அவரைக் காட்டினீர்களே, இவர்களையும் காட்டுங்கள்" என்று கேட்டனர். பின்னர் வேறு சில காணொளிகள் வந்தன. அவற்றில் உறவினர்களே தோன்றி, வெளிநாட்டிலிருக்கும் தம் பிள்ளைகளைக் கண்டித்துப் பேசினர்.

ஊரைவிட்டு வெளியேறியவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2017 ஜூலையில் எகிப்தில் உய்குர் மாணவர் பலர் பிடிக்கப்பட்டனர். தாய்லாந்து 2015இல் நூற்றுக்கும் மேற்பட்டோரையும், பத்தாண்டுக்கு மேல் தடுத்து வைத்திருந்த 40 பேரை 2025 பெப்ரவரியிலும் சீனாவிடம் ஒப்படைத்தது. சுவீடனில், சக அகதிகளைச் சீனாவுக்காக உளவு பார்த்த ஒருவருக்கு 2010இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரும் ஓர் உய்குரே. மியூனிக்கில் இயங்கும் உலக உய்குர் பேரவையின் தலைவராக இருந்த தொல்குன் ஈசாவின் தாய் 2018இல் தடுப்பு முகாமில் இறந்தார்; அச்செய்தி மகனை எட்டவே வாரங்கள் சென்றன.

நம் திருச்சபையைப் பற்றியும் நான் மறைக்கலாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளிவந்த தம் நூலில், துன்புறுத்தப்படும் மக்களுள் உய்குர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதுவரை வெளிப்படையாக அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆயர் நியமனம் தொடர்பாகத் திருப்பீடம் 2018இல் சீனாவுடன் உடன்பாடு செய்தது. அதன் விளைவே அந்த மௌனம் என்போர் உண்டு. அங்குள்ள கத்தோலிக்கரைக் காக்கும் விவேகத்தை நான் மதிக்கிறேன். எனினும் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவை நம் ஆண்டவர் உவமையில் குறிப்பிட்டதை, ஒரு குருவாக நான் மறந்துவிட இயலாது.

அன்புக்குரியவர்களே, தொலைபேசி மணிக்காக விடியும்வரை விழித்திருந்தவர்கள் நாம். ஊர்வலத்தில் எடுத்த படத்தில் நம் முகம் தெரிந்துவிடுமோ, ஊரில் அண்ணனுக்கு ஏதும் நேருமோ என்று அஞ்சியவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே உங்கள் வேலையிடத்திலோ பிள்ளைகளின் வகுப்பிலோ ஓர் உய்குர் இருந்தால், "ஏன் வாய் திறப்பதில்லை?" என்று கேட்காதீர்கள். அனுமதியின்றி அவர் படத்தை முகநூலில் இடாதீர்கள். பேச முன்வந்தால் பொறுமையோடு கேளுங்கள். கேட்டதை அடுத்தவரிடம் சொல்லாதீர்கள்.

வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் அந்த மாணவிக்காகவும் அவர் தாய்க்காகவும் செபிப்போம். பெயர் சொல்லப்படமாட்டாது. எனக்கும் அவர் பெயர் தெரியாது. நம் பிள்ளை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை