பதினாறு வளையங்களும் ஒரு மெமோவும்

1979-ஆம் ஆண்டு நடந்தது இது. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் வாகனங்களின் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தராக நான் இருந்தேன். மூன்று அம்பாசடர்கள். எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு ஆயில் என்று லாக் புத்தகத்தைச் சரிபார்ப்பது என் வேலை. வண்டி ஓட்டவும் தெரியாது, எஞ்சினைத் திறந்து பார்த்ததும் இல்லை.

அதில் ஒரு வண்டி திடீரென்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் கேட்டது. டிரைவர் ஆயிலை வெளியே விற்கிறார் என்று அதிகாரிக்குச் சந்தேகம். "விளக்கம் கேளுங்கள்" என்றார். நான்தான் மெமோ தட்டச்சு செய்தேன். டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதைப் படித்துவிட்டு, "வண்டி பின்னால நீலப் புகை வருது சார், வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

வண்டி பட்டறைக்குப் போனது. பில் சரிபார்க்க நானும் போக வேண்டியதாயிற்று. மேஸ்திரி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்தார். மூன்றாவதில் குறைவு. அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். அழுத்தம் ஏறியது. "வால்வு இல்ல, ரிங்" என்றார். வால்வில் கசிவு இருந்தால் ஆயில் விட்டாலும் அழுத்தம் ஏறாது. ரிங் தேய்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ, அந்த ஆயில் சற்று நேரம் சந்தை அடைத்துக்கொள்ளும்.

ஹெட்டையும் கீழே சம்ப்பையும் கழற்றி, பிஸ்டனை உருவிக் காட்டினார். மேல் ரிங் மூன்று துண்டாகக் கிடந்தது. சிலிண்டர் சுவரில் நகம் கீறியதுபோல் நீளக் கோடுகள்.

பள்ளியில் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். ரிங்குக்கு பிரெஞ்சில் 'செக்மான்' என்று பெயர். வெட்டிய துண்டு என்று பொருள். முழு வளையத்துக்கு ஏன் துண்டு என்று பெயர் வைத்தார்கள் என்பது அன்று அதைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. அது முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு இருக்கிறது. அந்த வெட்டில்தான் அதன் சரித்திரமே இருக்கிறது.

1712-இல் தாமஸ் நியூகாமன் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சின் நிறுவினார். சிலிண்டரைச் சரியான வட்டமாகக் குடைய அப்போது யாருக்கும் தெரியாது. பிஸ்டனைச் சுற்றித் தோலைக் கட்டி, மேலே தண்ணீர் நிற்கவிட்டுச் சந்தை அடைத்தார்கள். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினில் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் உதவவில்லை. சணலைக் கொழுப்பில் தோய்த்துத் திணித்தார்கள். சணல் நைந்துபோகும், அடிக்கடி நிறுத்தி மாற்ற வேண்டும்.

இதை மாற்றியவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில் எஞ்சின் பொறியாளர். 1850-களின் தொடக்கத்தில், சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிய உலோக வளையத்தைச் செய்து, ஓரிடத்தில் வெட்டிவிட்டு, அமுக்கிப் பிஸ்டனின் பள்ளத்தில் உட்கார வைத்தார். வளையம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த வில்விசையால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தேயத்தேய விரிந்து கொடுக்கும். 1854-இல் இதைப் பற்றி இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அதே எளிய யோசனைதான் காருக்கும் வந்தது.

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் ஆங்கிலேய வடிவமைப்பு. நான்கு பிஸ்டன், ஒவ்வொன்றுக்கும் நான்கு ரிங், ஆகப் பதினாறு. மேல் மூன்றும் எரிவாயு கீழே இறங்காமல் காக்கும். நான்காவது ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும். பிஸ்டனின் சூட்டைச் சுவருக்குக் கடத்துவதும் இவைதான்.

மேஸ்திரி புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, வெட்டு வாயின் இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்தார். ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவு. இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி உடையும். அதிகமானால் வாயு கசியும்.

"பழைய ரிங் ஏன் உடைந்தது?" என்று கேட்டேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னை அவர் முசே என்றுதான் கூப்பிடுவார். "முசே, போன வருஷம் போர் பண்ணணும்னு நான் எழுதிக் குடுத்தேன் இல்ல?" என்றார். என் விரலைப் பிடித்துச் சிலிண்டரின் மேல் விளிம்பில் வைத்தார். ஒரு படி தட்டுப்பட்டது. ரிங் ஏறி இறங்கும் இடம் மட்டும் தேயும். அதற்கு மேலே அரை விரற்கடை தேயாமல் திட்டாக நிற்கும். பழைய ரிங் அதோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். புது ரிங்கின் கூர்மையான விளிம்போ ஒவ்வொரு முறையும் அந்தத் திட்டில் போய் மோதும். கடைசியில் உடையும்.

முந்தைய வருடத்துக் கோப்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. சிலிண்டரை போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்று அவர் மதிப்பீடு கொடுத்திருந்தார். "ரிங் செட் மட்டும் மாற்றினால் போதுமானது, செலவு மிச்சமாகும்" என்று நோட் போட்டு மேலே அனுப்பியவன் நான். சிக்கனத்துக்காக அதிகாரி என்னைப் பாராட்டவும் செய்தார்.

இம்முறை போர் செய்து, பதினாறு ரிங்கும் புதிதாகப் போட்டார்கள். பிறகு வண்டி ஆயில் குடிக்கவில்லை. "இயந்திரக் கோளாறு, ஓட்டுநர் மீது தவறில்லை" என்று நோட் எழுதினேன். மெமோவை விலக்கிக்கொண்டார்கள். டிரைவர் என்னிடம் அதன்பிறகும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கோளாறுக்குக் காரணம் என்னுடைய பழைய நோட்தான் என்று அந்தக் கோப்பில் நான் எழுதவில்லை. டிரைவரிடமும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கோப்பில் விட்டுப்போன அந்த வரியை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், சிலிண்டரின் மேல் விளிம்பை நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். என்னைப் போன்ற எழுத்தர் சொல்வதைக் கேட்காதீர்கள்.