பினாங்கில் பட்டறையும் பட்டமும்

இயந்திரப் பொறியியலில் மாஸ்டர்ஸ் பட்டத்துக்குப் பினாங்கில் மதிப்பு ஏற்பட்டது ஏறத்தாழ 1990களில்தான். அதற்கு முந்தைய நூறாண்டுகளில் இயந்திரம் அறிந்தவர்களுக்கு அங்கே குறைவில்லை, வேலைக்கும் குறைவில்லை. பட்டத்தைத்தான் யாரும் கேட்கவில்லை.

பிறையில் ரயில் முனையமும் கப்பல்துறையும், டத்தோ கெராமாட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் நிறுவனத்தின் வெள்ளீய உருக்காலை, ஜோர்ஜ் டவுன் நகராட்சியின் டிராம், 1925 முதல் டிராலிபஸ் என இயந்திரங்கள் பரவிய காலத்தில் தொழில் கற்ற இடம் பட்டறைதான். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கூலிவேலையிலும் உடலுழைப்பிலும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியுடன் வந்தவர்கள் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் எழுத்தர்களாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் அமர்ந்தார்கள். மேலே இருந்த ஆங்கிலேயப் பொறியாளர்களிலும் பலர் பயிற்சித் தொழிலாளியாகத் தொடங்கி, லண்டன் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினராகித் தகுதி பெற்றவர்கள். அன்று பல்கலைக்கழகப் பட்டம் அவர்களுக்கே கட்டாயம் அல்ல.

அந்தக் காலத்தின் பெரிய இயந்திரப் பணி பினாங்கு மலை ரயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முதல் முயற்சி தோற்றது. பிறகு மலாய் ரயில்வேயின் பொறியாளர் ஆர்னால்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்து சென்று அங்குள்ள மலை ரயில்களைப் பார்த்து வந்தார். அவர் அமைத்த பாதையில் 1923 அக்டோபரில் பயணிகள் ஏறினார்கள். 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறப்பு விழா நடந்தது. இன்றைக்கு இப்படியொரு வேலைக்கு ஆள் தேடினால் விளம்பரத்தில் மேற்படிப்பைக் கேட்பார்கள். அன்று ஜான்சனை அனுப்பியது படிக்க அல்ல, பார்க்க.

உயர்கல்வி தாமதமாகத்தான் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு 1950களின் பிற்பாதியில் கோலாலம்பூருக்கு மாறியது. பினாங்குக்குப் பல்கலைக்கழகம் 1969இல் கிடைத்தது. அதுவே பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆனது. ஜோர்ஜ் டவுனின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோனதும், லிம் சொங் இயூ முதலமைச்சரானதும் அதே 1969இல்தான். வணிகம் சரிந்து வேலையின்மை முற்றியிருந்த தீவுக்கு அவர் தேடிய வழி தொழிற்சாலை. நாட்டின் முதல் தடையற்ற வர்த்தக வலயம் 1972இல் பாயான் லெப்பாஸில் திறந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. ‘எட்டு சாமுராய்கள்’ என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் அவை கொண்டு வந்த வேலை வடிவமைப்பு அல்ல. பெரும்பாலும் சில்லுகளைப் பொதிந்து, கம்பி இணைத்து, சோதித்து அனுப்புவதுதான். இணைப்புக் கம்பியை நுண்ணோக்கியின் கீழ் கையால் ஒட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இயந்திரப் பட்டதாரிக்குக் கிடைத்தது அந்த வரிசை நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் வேலை: ஜிக், மோல்ட், டை, கன்வேயர், உதிரி பாகம். மேற்படிப்பு படித்தவருக்கு அங்கே கூடுதல் அதிகாரமும் இல்லை, சம்பள உயர்வுக்குக் காரணமும் இல்லை. இரவுப் பணியில் நின்றுபோன இயந்திரத்தை ஓட வைத்தவருக்கே பதவி. 1974இல் தொடங்கிய எங் ஹார்ட்வேர் போன்ற உள்ளூர் பட்டறைகள் இந்த ஆலைகளுக்கு உதிரி பாகமும் கருவியும் செய்து வளர்ந்தன. அவற்றின் முதலீடு லேத்தும் கைத்திறனும்தான்.

1980களில் தானியங்கி இயந்திரங்கள் வந்தபோதும் ஆலைகள் தேடியது மாஸ்டர்ஸ் படித்தவர்களை அல்ல; நல்ல டெக்னீஷியன்களை. அதற்காக 1989இல் மாநில அரசும் நிறுவனங்களும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த துணிச்சலான ஏற்பாடு அது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் முதலாளிகளிடமிருந்து சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை வரியாக எடுத்துப் பயிற்சிக்கே திருப்பிவிட்டது. முதலாளி பணத்தில் குறுகியகாலப் பயிற்சி கிடைக்கும்போது, சொந்தப் பணத்தில் ஓரிரு ஆண்டு மேற்படிப்பு பலருக்கு லாபமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

தூரமும் ஒரு தடைதான், அது பலர் கணக்கில் வருவதில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு 1986இல் பேராக்குக்குப் போய்விட்டது. அந்த வளாகம் பிற்பாடு பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இடமாயிற்று. பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முடித்தவர் மாலை வகுப்புக்குப் பேராக் போய்வர முடியாது. பிரிவு 2001இல் பெருநிலப் பகுதியின் நிபோங் திபாலுக்குத் திரும்பியபோதுதான் வேலையை விடாமல் படிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் வந்தது.

அதற்குள் ஆலைக்குள்ளும் வேலை மாறியிருந்தது. 1990களில் வடிவமைப்பும் ஆய்வும் தீவுக்கு வரத் தொடங்கின. சில்லுகள் வேகம் கூடக் கூட வெப்பமும் கூடியது. சிலிக்கான் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு விரிகிறது. அது அமரும் பிசின் பலகை பதினைந்துக்கும் மேல். சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பற்றாசு விரிசல் விடப் பார்க்கும். இதை முன்கூட்டியே கணக்கிட வெப்பக் கடத்தல், பொருள் அறிவியல், கணினியில் தகைவைப் பகுத்துப் பார்க்கும் முறைகள் எல்லாம் வேண்டும். இளநிலையில் தொட்டுக் காட்டும் இந்தப் பாடங்களை முதுநிலைதான் கற்றுத் தருகிறது. இத்தகைய துறைகளில் மாஸ்டர்ஸ் பட்டம் வேலைக்கான நுழைவுச்சீட்டாயிற்று. 2012இல் பினாங்கில் தொடங்கப்பட்ட கிரெஸ்ட் அமைப்பு நிறுவனங்களின் ஆய்வுக் கேள்விகளைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொண்டுபோய், ஆய்வுக்கு நிதியும் தந்தது. பராமரிப்பு, உற்பத்தி, கொள்முதல் என்று போனவர்களுக்கு இன்றும் அந்தப் பட்டம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை.

சட்டமும் அதைக் கேட்கவில்லை. 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி நிபுணத்துவப் பொறியாளர் ஆவதற்கு, அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டம், குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், தொழில்முறைத் தேர்வு போதும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வகைசெய்யும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இல் சேர்ந்தது; அதுவும் இளநிலையையே அளவாகக் கொள்கிறது. இந்த முறையை மலாயாவுக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டனோ 1990களின் கடைசியில் தன் பட்டயப் பொறியாளருக்கு முதுநிலைக் கல்வியை அளவாக்கிவிட்டது. ஒரே வேர், இரண்டு கணக்கு.

தூரத் தடை இப்போது இன்னும் குறைந்திருக்கிறது. பத்து காவானையும் பாயான் லெப்பாஸுக்கு அருகிலுள்ள பத்து மாவுங்கையும் இணைக்கும் பினாங்கின் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறந்தது. அதன் பெருநிலக் கரையில் எழுந்த பத்து காவான் தொழிற்பேட்டைக்குச் சில்லு செய்யும் இயந்திரங்களையே தயாரிக்கும் லாம் ரிசர்ச் 2021இல் வந்தது. பொறியியல் வளாகமிருக்கும் நிபோங் திபாலும் அதே தென் செபராங் பிறை மாவட்டத்தில்தான் இருக்கிறது.