வகுப்பறைக்கு வந்த ஆய்வு

ஆய்வாளர் கண்ட உண்மை ஆசிரியரின் கைக்கு வந்த பின்னரே குழந்தைக்குப் பயன் தருகிறது. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவர் லியோ கானர், பிறரோடு உறவாடாது தம்முள் ஒடுங்கியிருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இந்நிலை பிறவியிலேயே அமைவது என அப்போது அவர் கருதினார். ஆயினும், பின்வந்த ஆண்டுகளில் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கோட்பாடு மேலோங்கிற்று. சிகாகோவில் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதனை மேலும் பரப்பிற்று. பிள்ளையின் துயரைச் சுமந்த தாய், உலகத்தார் பழியையும் சுமக்கலானாள். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைப்பதே மருந்தெனவும் சிலர் நம்பினர்.

இக்கோட்பாட்டை வன்மையாக மறுத்தவர்களுள் ஒருவர் உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லண்டு. ஆட்டிசம் கொண்ட மகனுக்குத் தந்தையான அவர், இந்நிலையின் வேர் உடலியலில் உள்ளது என 1964இல் தம் நூலில் வாதிட்டார்.

பழி நீங்கினால் மட்டும் போதுமா? பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது? இலண்டனில் மாண்டிசோரிப் பயிற்சி பெற்ற சிபில் எல்கார் என்னும் ஆசிரியை, தம் இல்லத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 1965இல் பெற்றோர் சங்கத்தார் ஈலிங்கில் நிறுவிய பள்ளிக்கு அவரே தலைமையேற்றார். ஒழுங்கமைந்த முறையில் கற்பித்தால் இவர்களும் கற்பர் என்பதை அவரது வகுப்பறை காட்டிற்று.

அமெரிக்காவின் வடகரோலினாவில் எரிக் ஷாப்ளரும் அவர்தம் துணைவரும் அதனை ஆய்வால் சோதித்தனர். குழந்தையின் விருப்பம்போல் விட்ட வேளைகளைவிட, செயல்கள் திட்டமாக வகுக்கப்பட்ட வேளைகளில் குழந்தைகள் சிறப்பாக இயங்கினர் என்று 1971இல் அவர்கள் அறிவித்தனர். பழிக்கப்பட்ட பெற்றோரையே ஷாப்ளர் தம் பணியில் பங்காளராக்கினார். 1972இல் அம்மாநிலச் சட்டமன்றம் 'டீச்' என்னும் அத்திட்டத்தை மாநிலம் முழுமைக்கும் உரியதாக்கிற்று. அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டரும் லாரன்ஸ் பார்ட்டக்கும் மூன்று கல்விக்கூடங்களை ஒப்பிட்டு, திட்டமிட்ட கற்பித்தலே கல்வியில் மிகுந்த பயன் தந்ததெனக் கண்டனர்.

இன்று பல நாட்டு வகுப்பறைகளில், அடுத்து என்ன நிகழும் என்பதை வரிசையாகக் காட்டும் படங்கள் பிள்ளையின் மேசையருகே ஒட்டப்பட்டிருக்கின்றன. அச்சிறு படங்களுக்குப் பின்னே ஓர் ஆசிரியையின் பொறுமையும், ஆய்வாளரின் சோதனையும், பழி சுமந்த தாய்மாரின் கண்ணீரும் உள்ளன. அவற்றை ஒட்டும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நன்று.