இன்சைட் பாசேஜ்

இன்சைட் பாசேஜ் (உட்கடல் வழி) என்பது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரமாக அமைந்துள்ள ஒரு கப்பல் வழித்தடம் ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகத் தென்கிழக்கு அலாஸ்கா வரை நீள்கிறது. சிறுவர்களுடன் கப்பற் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

புவியியல்

இவ்வழியின் பெரும்பகுதி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செல்கிறது. தீவுகள் பெருங்கடல் அலைகளைத் தடுப்பதால் கப்பலின் ஆட்டம் குறைவாக இருக்கும். எனினும் குயீன் சார்லட் சவுண்ட், டிக்சன் என்ட்ரன்ஸ் ஆகிய பகுதிகள் பெருங்கடலை நோக்கித் திறந்திருப்பதால் அங்கு அலைகள் உயரக்கூடும்.

பயணத் தேர்வு

வான்கூவரில் புறப்படும் கப்பல்கள் பொதுவாக வான்கூவர் தீவின் உட்புறமாகச் செல்கின்றன. சியாட்டிலில் புறப்படுபவற்றுள் பல, அத்தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்கின்றன. சீவர்டு அல்லது விட்டியர் துறைமுகத்தில் முடியும் பயணங்கள் அலாஸ்கா வளைகுடாவையும் கடக்க வேண்டும். ஆகவே, கப்பல் ஆட்டத்தால் எளிதில் வாந்தி எடுக்கும் சிறுவர்களுடன் செல்வோர் புறப்படும் துறைமுகம், முடியும் துறைமுகம் இரண்டையும் கருத்திற் கொள்ளுதல் நன்று. பல நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளை ஏற்பதில்லை.

காணத்தக்கவை

கோடையில் கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் காணலாம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு அதிகபட்சம் 2 பெரிய சுற்றுலாக் கப்பல்களே அனுமதிக்கப்படுகின்றன. ஸ்காக்வே நகரில், 1900 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒயிட் பாஸ் மலைத் தொடர்வண்டிப் பாதை சிறுவர்களைக் கவர்வதாகும். பனியாறுகளுக்கு அருகே கோடையிலும் குளிர் மிகுதி. கடற்கரையில் நீராடி விளையாட விரும்பும் சிறுவர்களுக்குக் கரிபியன் தீவுகளே பொருத்தமானவை.