எகர ஏகார வரிவடிவும் இளஞ்சிறார் எழுத்துப் பயிற்சியும்

குழந்தைக்கு உயிரெழுத்துக் கற்பித்தலைச் சிறுதொழில் எனக் கருதுவார் உளர். ஓர் எழுத்தின் வடிவையும் ஒலியையும் ஒருங்கே அறியச் செய்தல் அத்துணை எளிதன்று என்பதை அவ்வெழுத்தின் வரலாறே காட்டும். எகர ஏகாரங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்து வாழவந்தியில் பள்ளி புகும் குழந்தை ஒன்றை எண்ணுக. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரால் வேற்று மொழியினரோ என ஐயுறத்தகினும், தமிழ் பேசுவோரே. அக்குழந்தையின் மாவட்டம் சேலம், மலை சேர்வராயன், வட்டம் ஏற்காடு. மூன்று பெயர்களிலும் ஏகார ஒலியே முன்னிற்கின்றது. ஆகவே எழுத்தறியும் முன்னரே ஏகாரம் அதன் செவிக்குப் பழக்கமானது. எரி வேறு, ஏரி வேறு என்பதை அது பேச்சில் ஒருபோதும் மயங்குவதில்லை. மயக்கம் வரிவடிவைக் கண்டபின்னரே தோன்றுகின்றது.

இம்மயக்கம் குழந்தைக்கே உரியதன்று. எகர ஒகரங்கள் மெய்யெழுத்தைப் போலப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நூன்மரபின் விதி. புள்ளி பெற்றது குறில்; பெறாதது நெடில். நன்னூலும் இவ்வழக்கையே கூறுகின்றது. ஆயினும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளியிடும் வழக்கு ஒரு சீராக இல்லை. ஓலைச்சுவடிகளிலோ அது பெரும்பாலும் விடப்பட்டது. எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை பழுதுறும் என்பது காரணமாகக் கூறப்படும். இதனால் ஏட்டில் எரியும் ஏரியும், தென்னும் தேனும், பெறும் பேறும் ஒரே வடிவின ஆயின. இடம் நோக்கியே படிப்போர் பொருள் துணிந்தனர். சுவடி பதிப்பித்தோர் அனைவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவாகும்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680–1747) இக்குறையை நீக்க முற்பட்டார். எகரத்தின் கீழ்க் கோடு இழுத்து ஏகாரம் ஆக்கியதும், உயிர்மெய்யில் கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்டியதும் அவர் செய்த திருத்தங்கள் என்பர். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பண்டு குறியின்றி நின்ற வடிவம் நெடிலைக் குறித்தது. திருத்தத்தின்பின் அதே வடிவம் குறிலைக் குறிக்கலாயிற்று. வடிவும் ஒலியும் இயற்கையாற் பிணைந்தன அல்ல, வழக்காற் பிணைந்தன என்பது இதனால் தெளிவாம். வழக்கைத் தானே உய்த்துணரக் குழந்தையால் இயலாது. ஆசிரியரே உணர்த்துதல் வேண்டும்.

திண்ணைப் பள்ளிகள் இதனை எவ்வாறு உணர்த்தின? சிறுவர் மணலில் விரலால் எழுதி, எழுத்தின் பெயரை உரக்கக் கூறிப் பயின்றனர். கண், கை, வாய் மூன்றும் ஒருங்கே தொழிற்பட்டமை அம்முறையின் சிறப்பு. 1789இல் சென்னை ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நாட்டுப் பள்ளிச் சிறுவரைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டு மேலைநாட்டிலும் பரப்பினார்.

எனினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. பேச்சு வழக்கில் அகரம் ‘ஆனா’ என்றும், எகரம் ‘ஏனா’ என்றும் வழங்கின. குறிலின் பெயர் நெடிலில் தொடங்குகின்றது. ‘ஏனா’ எனப் பயின்ற குழந்தை ‘எரி’ என்பதை ‘ஏரி’ எனப் படிப்பின், அது கற்பித்தவாறே படித்ததன்றோ? எகரம், ஏகாரம் என்னும் இலக்கண வழக்கோ பெயரிலேயே அளவைக் காட்டி நிற்கின்றது.

இனி, தீர்வும் இலக்கணத்துள்ளேயே உளது. நூன்மரபு குறில் நெடில்களையும் மாத்திரையையும் முன்னர்க் கூறிப் புள்ளி வடிவைப் பின்னரே கூறுகின்றது. பிறப்பியல் எகர ஏகாரங்களை ஒரே முயற்சியிற் பிறப்பனவாக வகுக்கின்றது. எனவே இரண்டிற்கும் வாயின் நிலை ஒன்றே. வேறுபாடு கால அளவே. அவ்வளவைக் காட்டும் கருவியாக நொடியையும் தொல்காப்பியர் தந்துள்ளார். ஒருமுறை விரல் நொடித்து எகரமும், இருமுறை நொடித்து ஏகாரமும் ஒலிக்கச் செய்து, எரி, ஏரி எனச் சொல்லில் வைத்துக் கேட்பித்து, அதன்பின் வடிவை எழுதுவித்தல் முறையாகும். வாழவந்திக் குழந்தைக்கு ஏற்காடு என்னும் பெயரே முதற்பாடம் ஆகலாம். ஏரியும் காடும் சேர்ந்ததே அப்பெயர் என்பர்.

புள்ளியற்ற ஏட்டில் நாம் தடுமாறுங்கால் அதனைப் பாடவேறுபாடு என்கின்றோம்; குழந்தை தடுமாறுங்கால் மந்தம் என்கின்றோம். இரண்டும் ஒரே இடர்ப்பாடே. பல நூற்றாண்டுக்காலம் புலவரை மயக்கிய ஒரு வேறுபாட்டைக் குழந்தை சில நாளிற் கற்கின்றது. அதற்குச் செவியை முன்னும் கண்ணைப் பின்னும் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.